ஓபெத்: உறுமலிலிருந்து மெலோட்ரான் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழுவான ஓபெத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. புதிதாய்க் கேட்பவர்களுக்குப் பாடகர் அடித்தொண்டையில் உறுமும் அந்த உறுமல் புரிவதில்லை. பழைய ரசிகர்களுக்கு உறுமல் நின்றுபோனதை ஏற்க முடிவதில்லை. நண்பர்கள் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதியவை.

ஓபெத்னா யாரு? பேரே ஒரு மாதிரியா இருக்கே?

ஸ்டாக்ஹோமில் 1990-ல் தொடங்கிய மெட்டல் குழு; மெட்டல் என்றால் கனத்த மின்கிதார் ராக் இசை. ஆரம்பித்தவர் டேவிட் இஸ்பெர்க் என்ற பாடகர். வில்பர் ஸ்மித்தின் நாவல் ஒன்றில் வரும் கற்பனை நகரத்தின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

இஸ்பெர்க் தன் நண்பர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட்டை பேஸ் கிதார் வாசிக்கக் கூப்பிட்டார். குழுவில் ஏற்கெனவே பேஸ் வாசிப்பவர் இருந்தார். அவரிடமும் சொல்லவில்லை, மற்றவர்களிடமும் சொல்லவில்லை. புதிய ஆள் ஒத்திகைக்கு வந்து நின்றதும் மற்றவர்கள் விலகிப் போய்விட்டார்கள். மிஞ்சிய இருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். 1992-ல் இஸ்பெர்க்கும் போய்விட, பாடுவது, கிதார், இசையமைப்பின் பெரும்பங்கு எல்லாம் ஓக்கர்ஃபெல்ட்டின் தோளில் விழுந்தது. இன்றுவரை அப்படித்தான். கீழே பல இடங்களில் "அவர்" என்று சொல்வது இவரைத்தான்.

ப்ராக்ரெசிவ், ப்ராக்ரெசிவ்னு சொல்றீங்களே, சாதாரண மெட்டலுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பெரும்பாலான ராக் பாட்டுகளில் சரணம், பல்லவி, நடுவில் ஒரு கிதார் சோலோ, மறுபடி பல்லவி, நான்கைந்து நிமிடத்தில் முடிவு என்று ஓர் ஒழுங்கு இருக்கும். 1960-களின் கடைசியிலும் 70-களிலும் இங்கிலாந்தின் கிங் கிரிம்சன், கேமல், ஜெத்ரோ டல் போன்ற குழுக்கள் அந்த ஒழுங்கைத் தளர்த்தின. பாட்டு இருபது நிமிடம் போகலாம். நடுவில் புல்லாங்குழல் வரலாம். தாளம் நான்கிலிருந்து ஐந்துக்கும் ஏழுக்கும் தாவலாம். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு ஒன்றும் புதிதில்லை, ஆனால் ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பெரிய மாற்றம்.

மெட்டலில் எடைக்கும் வேகத்துக்கும்தான் வழக்கமாக முதல் இடம். ப்ராக்ரெசிவ் மெட்டல் அந்த எடையை வைத்துக்கொண்டு கட்டமைப்பை விரிக்கிறது. ஓபெத்தின் பழைய பாட்டுகள் பலவற்றில் பல்லவி என்றே ஒன்று கிடையாது. ஒரு ரிஃப், அதாவது கிதாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு, நாலு முறை வந்துவிட்டுப் போகும். பாட்டு முடியும்வரை அது திரும்பாமலே போகலாம்.

நல்லாப் பாடத் தெரிஞ்சவர்தானே, அப்புறம் எதுக்கு அந்த உறுமல்?

இது டெத் மெட்டல் என்ற வகையின் குரல். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் உருவாகி, 90-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் தனி வேகத்தோடு பரவிய இசை அது. அவர் வளர்ந்தது அந்த ஊரில், அந்த வயதில். அவருக்கு உறுமல் தாய்மொழி மாதிரி.

உறுமலில் சுருதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் அது மெட்டைச் சுமப்பதில்லை. டிரம்ஸோடும் கிதாரோடும் சேர்ந்து ஒரு தாள வாத்தியம்போல வேலை செய்கிறது. மெட்டைச் சுமப்பது அவருடைய இன்னொரு குரல், அந்தத் தெளிவான, கொஞ்சம் சோகம் தோய்ந்த குரல். இரண்டும் ஒரே பாட்டில் அரை நிமிட இடைவெளியில் வரும். உறுமல் ஓய்ந்து அகூஸ்டிக் கிதாரோடு அந்தக் குரல் எழும்போது, மழை சட்டென்று விட்டபின் தெருவில் ஓர் அமைதி இருக்குமே, அது வரும். மழை பெய்யாமல் அந்த அமைதி கிடைக்காது.

ஆரம்பத்துலேருந்தே இப்படித்தானா, இல்ல நடுவுல மாறினாங்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: விதை முதல் ஆல்பத்திலேயே இருந்தது. 1995-ல் வந்த ஆர்கிட் ஆல்பத்தைக் கேளுங்கள். டான் ஸ்வானோ என்ற இசைக்கலைஞரின் ஸ்டூடியோவில் பதிவானது. பதிவின்போது ஓக்கர்ஃபெல்ட்டுக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். பெரும்பாலான பாட்டுகள் பத்து நிமிடத்தைச் சுற்றி நீள்கின்றன. அவரும் குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் பீட்டர் லிண்ட்கிரெனும் ஒரே ரிஃபைச் சேர்ந்து அடிக்காமல், இரண்டு கிதார்களையும் இரண்டு வேறு மெட்டுகளில் பின்னிப்பின்னி ஓட்டுகிறார்கள். நடுவில் பியானோ வருகிறது. அன்றைய டெத் மெட்டலில் இதற்கு யாரும் இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

அடுத்த வருடம் மார்னிங்ரைஸ். மொத்தமே ஐந்து பாட்டு, அதில் ஒன்று இருபது நிமிடத்துக்கு மேல். இங்கே ஆசை பெரிது, கைப்பழக்கம் இன்னும் வரவில்லை. அழகான துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று இன்னொன்றுக்கு ஏன் இட்டுச் செல்கிறது என்பது பல இடங்களில் தெரிவதில்லை. இருந்தாலும் அந்த ஆல்பத்தின் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. பயமே இல்லாமல் எழுதிய இசை அது.

துண்டுகள் கதையாக இணைந்தது 1998-ன் மை ஆர்ம்ஸ், யுவர் ஹார்ஸ் ஆல்பத்தில். அந்தப் பெயரே கோமஸ் என்ற 70-களின் ஆங்கிலேய நாட்டார் ராக் குழுவின் பாட்டு வரியிலிருந்து எடுத்தது. இறந்தவனின் ஆவி சொல்லும் ஒரே கதை முழு ஆல்பமும். ஒரு பாட்டின் வரிகள் முடியும் சொல் அடுத்த பாட்டின் தலைப்பாக இருக்கும்; நம் அந்தாதி மாதிரி. பாட்டுகள் குறுகி இறுகின. 1999-ன் ஸ்டில் லைஃப் இன்னொரு முழுநீளக் கதை: மத நம்பிக்கை இல்லாததால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவன் காதலியைத் தேடித் திரும்பி வருகிறான். மென்மையும் கனமும் சண்டை போடாமல் ஒரே மூச்சில் வரத் தொடங்கியது இதில்தான் என்பேன்.

பிளாக்வாட்டர் பார்க்கை மட்டும் ஏன் எல்லாரும் தலையில தூக்கி வச்சுக்கறாங்க?

தகுதி இருக்கிறது. 2001-ல் வந்த அந்த ஆல்பத்துக்கு போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பாளர். ஸ்டில் லைஃபைக் கேட்டுப் பிடித்துப்போய் அவரே தொடர்பு கொண்டவர். வில்சன் மெட்டல் உலகத்து ஆள் இல்லை. அதனால் மெட்டல் ஸ்டூடியோக்களில் யாரும் கவலைப்படாத விஷயங்களுக்கு நேரம் செலவழித்தார். தெளிவான குரலை அடுக்கடுக்காகப் பதிவுசெய்தார், தானும் சேர்ந்து பாடினார், பின்னணியில் கீபோர்டையும் வினோதமான கிதார் ஒலிகளையும் மெல்லப் பரப்பினார்.

முன்பு ஓபெத்தில் மென்மையான பகுதி என்றால் கனத்த பகுதிகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு. இதில் அதே பகுதிகளுக்கு ஆழமும் நிறமும் வந்துவிட்டன. கனத்த பகுதியும் மாறியது: எதைத் திரும்பச் சொல்வது, எதை ஒருமுறையோடு விடுவது என்ற கணக்கு கைக்கு வந்தது. பத்து நிமிடப் பாட்டு பத்து நிமிடமாகவே தெரியாது. ஆல்பத்தின் பெயர்கூட 70-களின் ஜெர்மன் ப்ராக்ரெசிவ் ராக் குழு ஒன்றின் பெயர்தான். ஓக்கர்ஃபெல்ட் பழைய இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். அந்தப் பழக்கம் பின்னால் ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

ஒரே சமயத்துல ரெண்டு ஆல்பம் பண்ணாங்களாமே, நிஜமா?

நிஜம். கனமானது ஒன்று, மென்மையானது ஒன்று என்று இரட்டையாகத் திட்டமிட்டு ஒரே காலகட்டத்தில் பதிவு செய்தார்கள். 2002 நவம்பரில் டெலிவரன்ஸ், 2003 ஏப்ரலில் டேம்னேஷன். ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகத் தொல்லைகள். குழுவே உடையும் அளவுக்குப் போனதாகப் பிற்பாடு சொன்னார்கள். அந்தக் காலத்தில்தான் ஓக்கர்ஃபெல்ட்டின் பாட்டி விபத்தில் இறந்தார். இரண்டு ஆல்பங்களும் அவருக்குச் சமர்ப்பணம்.

டெலிவரன்ஸில் தலைப்புப் பாட்டின் கடைசிச் சில நிமிடங்களைக் கேளுங்கள். ஒரே ஒரு தாள அமைப்பு, வெட்டி வெட்டித் திரும்ப வருகிறது. எளிமையான விஷயம்தான், ஆனால் எண்ணிப் பார்த்தால் விரல் தடுமாறும். டேம்னேஷனில் ஓர் இடத்தில்கூட உறுமல் இல்லை. கிதாரில் கரகரப்பும் அநேகமாக இல்லை. நான் முதலில் கேட்ட ஓபெத் ஆல்பம் இதுதான். மறுநாள் நண்பன் டெலிவரன்ஸைக் கொடுத்தபோது ஒரே ஆள் பாடியது என்று நம்பவே முடியவில்லை.

இந்தத் தேதிகளை நினைவில் வையுங்கள். "2011-ல் திடீரென்று மாறிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், அதற்கு எட்டு வருடம் முன்பே உறுமல் இல்லாத முழு ஆல்பம் ஒன்றை ஓபெத் வெளியிட்டாயிற்று.

மெலோட்ரான்னா என்ன? டேம்னேஷன் பத்திப் பேசும்போதெல்லாம் சொல்றீங்க.

1960-களில் இங்கிலாந்தில் உருவான கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ உண்மையாக வாசித்துப் பதிந்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும், விட்டால் பின்னுக்குப் போகும். நாடா என்பதால் சுருதி லேசாக நடுங்கும். அந்த நடுக்கம்தான் அதன் அழகு. தூரத்தில் யாரோ அழுவது போல ஒலிக்கும். டேம்னேஷனில் அதை வாசித்தவர் வில்சன்.

ஆளுங்க மாறினதால இசை மாறிச்சா, இல்ல இசை மாறினதால ஆளுங்க போயிட்டாங்களா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். 2005-ன் கோஸ்ட் ரெவரீஸில் பெர் விபெர்க் முழுநேரக் கீபோர்டு கலைஞராகப் பதிவில் வந்தார். அதுவரை விருந்தாளியாக இருந்த ஆர்கனும் மெலோட்ரானும் வீட்டு ஆளாகிவிட்டன. இது இசையை நேரடியாக மாற்றிய வருகை.

2006-ல் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லோபெஸ் உடல்நலக் காரணங்களால் விலகினார். அவருடைய கையில் லத்தீன் அமெரிக்கத் தாளங்களின் ஓர் ஆட்டம் இருக்கும். அதற்காகவே பழைய ஆல்பங்களைக் கேட்பவர்கள் உண்டு. அவர் இடத்துக்கு வந்த மார்ட்டின் ஆக்ஸன்ராட் வேறு மாதிரி, துல்லியமும் அடர்த்தியும் கூடியவர். 2007-ல் லிண்ட்கிரெனும் விடைபெற்றார், உற்சாகம் குறைந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு. ஃப்ரெட்ரிக் ஓக்கெசன் வந்தார். பழைய நால்வரில் எஞ்சியது ஓக்கர்ஃபெல்ட்டும் பேஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸும்தான்.

புதிய கூட்டணியின் முதல் ஆல்பம் 2008-ன் வாட்டர்ஷெட். அதில் ஒரு மென்மையான பாட்டின் முடிவில், ஒருவர் அகூஸ்டிக் கிதாரை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதன் முறுக்காணிகளைத் தளர்த்திக்கொண்டே போகிறார். அழகான மெட்டு கண்முன்னே உருக்குலைந்து முடிகிறது. ஸ்டூடியோவில் பரிசோதனை செய்யும் சந்தோஷம் அந்த ஆல்பம் முழுக்கத் தெரிகிறது.

சரி, 2011-ல மெட்டலையே விட்டுட்டாங்களே. ஏன்?

ஹெரிடேஜ் ஆல்பத்தைச் சொல்கிறீர்கள். அடுத்த ஆல்பத்துக்காக அவர் வாட்டர்ஷெட் பாணியில் முதலில் இரண்டு பாட்டுகள் எழுதினார். அதைக் கேட்ட மெண்டெஸ், ஆல்பம் இந்த வழியில் போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். ஓக்கர்ஃபெல்ட்டுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. எழுதியதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். பலரும் இதைத் தனி ஒருவரின் பிடிவாதமாகப் பார்க்கிறார்கள். தூண்டுதல் குழுவுக்குள்ளிருந்தும் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஹெரிடேஜில் உறுமல் இல்லை, டெத் மெட்டல் ரிஃப்களும் இல்லை. பியானோவில் ஒரு ஸ்வீடிஷ் நாட்டார் மெட்டின் சாயலில் தொடங்கி, ஜாஸ் பக்கமும் 70-களின் ராக் பக்கமும் அலைகிறது. ஒரு பாட்டு, 2010-ல் மறைந்த மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலி. பதிவு முடிந்ததும் விபெர்க் விலகினார். அட்டைப் படத்தில் குழுவினரின் தலைகள் பழங்களாய்த் தொங்கும் மரம் ஒன்று இருக்கும். அதில் கீழே விழுந்துகொண்டிருக்கும் தலை விபெர்க்குடையதுதான்.

எனக்கு ஹெரிடேஜ் முழுதாகப் பிடிக்காது. மார்னிங்ரைஸைப் பற்றிச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும்: துண்டுகள் அழகு, இணைப்பு பலவீனம். புதிய மொழியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதன் விலை அது. மூன்று வருடம் கழித்து வேல்ஸில் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் பதிவான பேல் கம்யூனியனில் (2014) அந்த மொழி கைவந்துவிட்டது. குரல் அடுக்குகளும், புதிதாய் வந்த யோகிம் ஸ்வால்பெர்கின் ஆர்கனும், வில்சன் செய்த ஒலிக்கலவையும் சேர்ந்து, மென்மையான ஓபெத்தும் முழுமையான ஓபெத் என்று காட்டின.

தொண்டை போயிடுச்சு, அதான் உறுமலை விட்டாருன்னு சொல்றாங்களே?

தவறு. வாட்டர்ஷெட் வந்த அதே 2008-ல், பிளட்பாத் என்ற டெத் மெட்டல் குழுவுக்காக முழு ஆல்பமும் உறுமித் தள்ளியிருக்கிறார். ஹெரிடேஜ் சமயத்து இசைப்பயணத்தில் மேடையிலும் உறுமல் பாட்டுகளைத் தவிர்த்தது உண்மை. ரசிகர்கள் பலர் மனம் புண்பட்டதும் உண்மை. ஆனால் பிற்பாடு பழைய பாட்டுகள் மேடைக்குத் திரும்பின, உறுமலோடுதான்.

பெரிய கம்பெனி, பெரிய காசு. அதுக்காகத்தான் மென்மையாயிட்டாங்கன்னு நான் சொல்வேன்.

காலக்கணக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்கச் சந்தையில் பலமுள்ள ரோட்ரன்னர் நிறுவனத்தில் அவர்கள் சேர்ந்தது கோஸ்ட் ரெவரீஸுக்கு. அந்த ஆல்பத்திலும் வாட்டர்ஷெட்டிலும் உறுமல் தாராளமாக இருக்கிறது. வாட்டர்ஷெட் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 23-ஆம் இடம் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் குதிரையை நிறுத்திவிட்டு, ஜாஸும் புல்லாங்குழலும் கலந்த ஓர் ஆல்பத்தைச் செய்வது காசு பார்க்கும் வழியாக எனக்குத் தெரியவில்லை. ஹெரிடேஜ் 19-ஆம் இடத்துக்கு வந்தது, சரி. ஆனால் அப்படி வரும் என்று யாரும் முன்கூட்டி உத்தரவாதம் தந்திருக்க முடியாது.

1970-ல வந்த இசையை 2014-ல வாசிச்சா அது எப்படி "முன்னேற்றம்" ஆகும்? பழசைக் காப்பியடிக்கறது தானே?

கேட்டவர்களிலேயே கூர்மையான கேள்வி. "ப்ராக்ரெசிவ்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் வந்துவிட்டன. ஒன்று, ஒரு குறிப்பிட்ட பத்தாண்டின் ஒலி: மெலோட்ரான், ஹாமண்ட் ஆர்கன், புல்லாங்குழல். இன்னொன்று, நேற்று செய்ததை இன்று செய்யாமலிருப்பது. ஹெரிடேஜுக்குப் பிறகான ஓபெத் ஒலியில் பழையது, மறுக்க மாட்டேன். சில இடங்களில் கேமலின் நிழலும் டீப் பர்ப்பிளின் நிழலும் அப்பட்டமாக விழுகின்றன. 2016-ன் சார்சரஸில் அது எனக்கே கொஞ்சம் அலுப்புத் தட்டியது.

ஆனால் மெட்டு அவருடையது. மார்னிங்ரைஸில் அகூஸ்டிக் கிதாரில் வரும் அந்த ஏக்கமும், எதிர்பாராத இடத்தில் இறங்கும் ஸ்வரமும் பேல் கம்யூனியனில் அப்படியே இருக்கின்றன. பழைய இசைத்தட்டுகளைத் தேடுபவர் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தத் தட்டுகள் முதல் நாளிலிருந்தே அவர் இசைக்குள் இருந்தன. மேலே மூடியிருந்த கனம் விலகியதும் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அதோடு, ஒரே வெற்றிச் சூத்திரத்தை முப்பது வருடம் திரும்பச் செய்திருந்தால் அதை முன்னேற்றம் என்று யார் சொல்வார்கள்?

ஸ்வீடிஷ்லயும் ஒரு ஆல்பம் இருக்காமே?

2019-ன் இன் காடா வெனெனம். முழு ஆல்பத்தையும் ஸ்வீடிஷில் எழுதிப் பாடினார். ஆங்கிலத்தில் தனியாக இன்னொரு பதிப்பும் உண்டு. ஸ்வீடிஷ் பதிப்பைக் கேளுங்கள். சொல் புரியாவிட்டால் என்ன, தாய்மொழியில் பாடும்போது ஒருவரின் குரல் எப்படித் தளர்ந்து இறங்குகிறது என்பது கேட்டாலே தெரியும்.

2024-ல உறுமல் திரும்பி வந்திடுச்சே. அப்ப பழைய வழிக்கே வந்துட்டாங்கதானே?

உறுமல் வந்தது, பழைய வழி வரவில்லை. தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட், வாட்டர்ஷெட்டுக்குப் பிறகு பதினாறு வருடம் கழித்து உறுமல் ஒலிக்கும் ஆல்பம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். பணக்காரக் குடும்பத் தலைவர் ஒருவர் இறந்துபோக, அவருடைய உயில் மாளிகையில் வாசிக்கப்படுகிறது, மறைத்து வைத்த உண்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எட்டில் ஏழு பாட்டுகளுக்குத் தலைப்பே கிடையாது, உயிலின் பத்தி எண்கள் மட்டும்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு.

இங்கே உறுமல் பெரும்பாலும் செத்துப்போன அந்த மனிதரின் அதிகாரக் குரல். அதாவது மூன்றாவது கேள்வியில் வாத்தியம் என்று சொன்னது இப்போது பாத்திரமாகிவிட்டது. பாட்டுகள் ஐந்திலிருந்து ஏழு நிமிட அளவில் நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குள் நடப்பது பழைய பத்து நிமிடத்துக்குச் சமம். ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார், உயில் வரிகளைப் பேசவும் செய்கிறார். ஓக்கர்ஃபெல்ட் இளைஞராக இருந்தபோது யாருடைய தட்டுகளைச் சேர்த்தாரோ அவரே வந்து வாசித்திருக்கிறார். ஆக்ஸன்ராட்டுக்குப் பிறகு வந்த பின்லாந்துக்காரர் வால்ட்டெரி வாய்ரினென் டிரம்ஸில் இந்த ஆல்பத்துக்கு முதுகெலும்பு.

சென்னைக்கு வந்து வாசிச்சாங்கன்னு யாரோ சொன்னாங்க, கதைதானே?

கதையில்லை. 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தார்கள்; இந்தியாவில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி அது. வாட்டர்ஷெட் காலம் என்பதால் உறுமலும் ஆர்கனும் சேர்ந்திருந்த ஓபெத்தைத்தான் சென்னை பார்த்தது.

எனக்கு உறுமல் பிடிக்காது. நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

டேம்னேஷன். முடிந்ததும் பேல் கம்யூனியன். இந்த இரண்டும் பழகியபிறகு பிளாக்வாட்டர் பார்க்கைப் போடுங்கள், இரவில், ஹெட்ஃபோனில், பாதியில் நிறுத்தாமல். முதல் முறை உறுமல் தள்ளிவிடும். மூன்றாவது முறை, உறுமலுக்கு நடுவே கிதார்கள் என்ன செய்கின்றன என்பது காதில் விழத் தொடங்கும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். மென்மையான ஆல்பங்களே பல வருடத்துக்குப் போதும்.

மெட்டல் கேட்டுப் பழகியவர் என்றால் வழி வேறு. இருபதாம் ஆண்டு நிறைவுக்காக 2010-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர்கள் நடத்திய கச்சேரியின் பதிவு இருக்கிறது. முதல் பாதியில் பிளாக்வாட்டர் பார்க் முழுவதும். இரண்டாம் பாதியில், மற்ற ஆல்பம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு வீதம், ஆர்கிட் தொடங்கி வாட்டர்ஷெட் வரை வரிசையாக வாசிக்கிறார்கள். அந்த இரண்டாம் பாதியில் தொடங்குங்கள்.